ஒரு கப் மைதா எத்தனை கிராம், சார்?

"ஒரு கிலோ இரும்பு கனமா, ஒரு கிலோ பஞ்சு கனமா?" பள்ளிக்கூட வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு, "இரும்பு சார்!" என்று முந்திக்கொண்டு கத்துகிற பையனை அசடு வழிய வைக்கும் கேள்வி. அதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேட்கிறேன். ஒரு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தேன். எது கனம்?

"எல்லாம் ஒரு கப்தானே!" என்கிறவர்கள் தயவுசெய்து கேக் செய்யக் கிளம்ப வேண்டாம். மைதா சுமார் 120 கிராம். சர்க்கரை 200 கிராம். தேன் 340 கிராம். அதே கப்!

"கேக்குக்கும் நமக்கும் என்ன சார் சம்பந்தம்? மைதான்னா நமக்குப் பரோட்டாதான்" என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டுவதற்குள் ஒரு விஷயம். உங்கள் வீட்டில், அல்லது உங்கள் ரூமில், தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய ஓடிஜி ஒன்று ஃபிரிட்ஜ் தலையில் உட்கார்ந்திருக்கிறதா இல்லையா? அதற்குள் பழைய கரண்ட் பில்லும் பல்லி ஒன்றும் குடியிருக்கிறதா இல்லையா? முதல் கேக் செங்கல்லாக வந்த அன்றைக்குத்தான் அது அலமாரியாக மாறியிருக்கும். பத்தில் எட்டு ஓடிஜிகளின் கதை இதுதான் என்பது என் ஊகம். (ஆதாரம் கேட்காதீர்கள்.)

அந்த செங்கல்லுக்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் கைராசி கிடையாது. ஓவனும் கிடையாது. "கப்" என்கிற அந்த இரண்டெழுத்து வார்த்தைதான்.

நம் வீட்டுச் சமையலில் இந்தப் பிரச்னை ஏன் வருவதில்லை? இட்லிக்கு நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து. டம்ளர் பெரிசோ சின்னதோ, பாட்டி சீதனமாகக் கொண்டு வந்த பித்தளை டம்ளரோ, கல்யாண வீட்டில் கொடுத்த எவர்சில்வர் டம்ளரோ, கவலையே இல்லை. அரிசியையும் உளுந்தையும் ஒரே டம்ளரால் அளக்கிறீர்கள். நாலுக்கு ஒன்று என்ற விகிதம் மாறாது. அரிசி உளுந்தையெல்லாம் அமுக்கினாலும் பெரிதாக அமுங்காது. தண்ணீரை அம்மா கண்ணால் பார்த்தே ஊற்றிவிடுவார்.

கேக் அப்படியில்லை. மைதாவும் சர்க்கரையும் கப் கணக்கு. ஆனால் முட்டை இரண்டு. அது எண்ணிக்கை. வெண்ணெய் பாக்கெட்டில் வருவது, கிராம் கணக்கு. பேக்கிங் பவுடர் டீஸ்பூன் கணக்கு. தகரம் எட்டு அங்குலம், நீளக் கணக்கு! எடை, கன அளவு, எண்ணிக்கை எல்லாம் கலந்த ஒரு கூட்டணி ஆட்சி. கப் கொஞ்சம் சிறுத்தால் மைதாவும் சர்க்கரையும் மட்டும் குறையும். முட்டை குறையாது. கோழிக்கு உங்கள் கப் அளவு தெரியாது.

கூட்டணி எப்படிக் கவிழும் என்பதை நான் கண்ணால் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்கள் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் நண்பர். ஐந்து ரூபாய் பேலன்ஸ் இடித்தாலே ராத்திரி தூங்காதவர். அன்றைக்கு மூஞ்சியே சரியில்லை. கேன்டீனில் டீயை ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாஸ், ஆடிட்டா?"

"ஆடிட்டா இருந்தா பரவாயில்லையே. வீட்ல கேக்."

விஷயம் இதுதான். அவர் மனைவி பார்த்துக்கொண்டிருந்த வேலை போய் ஆறு மாசம். கேக் நன்றாகச் செய்வார் என்று அக்கம்பக்கத்தில் பேர். சரி, ஆர்டர் எடுத்துச் செய்யலாமே என்று மாதத் தவணையில் பெரிய ஓவன் ஒன்று வாங்கியாயிற்று. முதல் இரண்டு கேக் பஞ்சு மாதிரி. மூன்றாவது நடுவில் குழி விழுந்து, வெண்ணெய் கசிந்து, ஆம்லெட் வாசனை. அதை வீட்டிலேயே தின்று தீர்த்தார்கள். நாலாவது கேக்கை, வாங்கிக்கொண்டு போன மாமி அரை மணியில் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். "கத்தி இறங்கலைடிம்மா" என்றாராம். ஆயிரத்து இருநூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை எதிர் பிளாக்கில் ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள். அந்த ஆர்டர் கையில் இருக்கிறது. அதுவும் திரும்பி வந்தால் அந்தக் குடியிருப்பில் இனி யாரும் கேக் கேட்க மாட்டார்கள். தவணை மட்டும் மாசா மாசம் வரும்.

"அதே ரெசிப்பி, அதே ஓவன், அதே ஆள். எப்படி பாஸ் நாலு தடவை நாலு மாதிரி வரும்?" என்றார் நண்பர். பேலன்ஸ் இடிக்கிற குரல்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கேக் செய்கிற ஜாதி. (சிரிக்காதீர்கள். சீட்டு ஆடுவதை விடச் செலவு கம்மி.) என்னிடம் நானூறு ரூபாய்க்கு வாங்கிய டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு நண்பரோடு போனேன்.

"வாங்கண்ணா" என்று அவர் மனைவி ரெசிப்பி நோட்டை நீட்டினார். அமெரிக்க சமையல் புத்தகத்திலிருந்து எழுதிக்கொண்டது. மைதா ஒன்றரை கப், சர்க்கரை ஒரு கப், வெண்ணெய் ஒரு 'ஸ்டிக்', முட்டை இரண்டு, பால் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். குற்றம் சொல்ல முடியாத ரெசிப்பி.

"எதுல அளக்கிறீங்க சிஸ்டர்?"

அங்கேதான் முடிச்சு. முதல் இரண்டு கேக்குக்கு எதிர் வீட்டுக்காரரிடம் கப் செட் இரவல் வாங்கியிருக்கிறார். அவர்கள் வீடு மாற்றிப் போனதும் கப்பும் போய்விட்டது. மூன்றாவது கேக்குக்கு எலெக்ட்ரிக் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப். நாலாவதுக்குக் கடையில் புதிதாக வாங்கிய கப் செட். மூன்றுமே "ஒரு கப்"தான். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

குக்கர் கப்பைத் தராசில் வைத்து, ஜீரோ பட்டனை அமுக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். 180 கிராம் காட்டியது. புதுக் கப், 250. இரவல் கப்பை இனிமேல் பிடிக்க முடியாது. ஆனால் அடியில் 240 என்று போட்டிருந்ததாக அவருக்கு ஞாபகம்.

இந்தத் தண்ணீர் வித்தையை நீங்கள் இன்றைக்கே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு மில்லி தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிராம். தராசு காட்டுகிற கிராம்தான் உங்கள் கப்பின் மில்லி. கப்பின் முதுகில் என்ன அச்சடித்திருந்தாலும் நம்ப வேண்டியதில்லை.

கப் ஏன் இத்தனை சைஸில் இருக்கிறது என்று கேட்டால் கதை லண்டன் வரை போகிறது. அமெரிக்காக்காரர்கள் பழைய ஆங்கிலேயர்களின் ஒயின் காலனைப் பிடித்துக்கொண்டார்கள். அது 231 கன அங்குலம், நம் கணக்கில் 3.785 லிட்டர். பிரிட்டன் 1824-ல் மனசு மாறி இம்பீரியல் காலன் என்று பெரிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. அது 4.546 லிட்டர். ஒரு காலனுக்கு எட்டு பைண்ட் என்பது இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ஆனால் அமெரிக்க பைண்ட் 473 மில்லி, பிரிட்டிஷ் பைண்ட் 568 மில்லி. அமெரிக்க கப் என்பது அரை பைண்ட், அதாவது 236.6 மில்லி. சாப்பாட்டு பாக்கெட்டில் சத்துக் கணக்கு போடுவதற்காக அதை அவர்களே 240 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் கப் என்றால் 250. ஜப்பானில் சமையல் கப் 200. அதே ஜப்பானில் அரிசி அளக்க மட்டும் 'கோ' என்கிற பழைய அளவு ஒன்று, சுமார் 180 மில்லி. எலெக்ட்ரிக் குக்கர் அங்கேயிருந்து வந்த சாமான். அதனால்தான் அதோடு வருகிற கப் பெரும்பாலும் 180. அது சோறு வடிக்கப் பிறந்த கப், கேக்குக்குப் பிறந்ததல்ல.

நாம் சிரிக்க முடியாது. நம் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. வாய்ப்பாடு கச்சிதம். ஆனால் அந்தப் படி எவ்வளவு பெரிசு என்று கேட்டால், "எந்த ஊர்ப் படி?" என்பார்கள். பெரிய படி, சின்னப் படி, பட்டணம் படி! கடன் கொடுக்கும்போது தலை தட்டியும் திருப்பி வாங்கும்போது கோபுரம் கட்டியும் அளந்த புண்ணியவான்கள் எல்லாக் கிராமத்திலும் உண்டு. 1956-ல் சட்டம் போட்டு, 1958 அக்டோபரிலிருந்து கிலோ கிராம் எடைக்கற்களைப் புழக்கத்தில் விட்டு, கடைக்காரரைத் திருத்தினார்கள். அடுப்பங்கரை டம்ளரை எந்தச் சட்டமும் தொடவில்லை.

தலை தட்டுகிற விஷயத்தில் அமெரிக்காவிலேயே ஒரு அம்மாள் புரட்சி செய்தார். பெயர் ஃபேனி ஃபார்மர். பாஸ்டன் சமையல் பள்ளியின் தலைமை ஆசிரியை. அவருக்கு முந்தைய சமையல் புத்தகங்களில் "முட்டை அளவு வெண்ணெய்", "ஒரு டீக்கப் நிறைய மாவு" என்கிற மாதிரிதான் இருக்கும். (எந்தக் கோழியின் முட்டை, யார் வீட்டு டீக்கப் என்று கேட்கக் கூடாது.) 1896-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் அந்த அம்மாள், கப்பாக இருந்தாலும் ஸ்பூனாக இருந்தாலும் விளிம்போடு தலை தட்டித்தான் அளக்க வேண்டும் என்று கறாராகச் சொன்னார். "தலைதட்டல் தாய்" என்று நாம் பட்டமே கொடுக்கலாம். உண்மையிலேயே பெரிய காரியம்தான். ஆனால் பாதிப் பிரச்னைதான் தீர்ந்தது. விளிம்புக்கு மேலே இருக்கும் மாவைத் தட்டிவிடலாம். விளிம்புக்குக் கீழே மாவு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை யார் பார்ப்பது?

மைதா என்பது பாதிக்குப் பாதி காற்று. துகளுக்கும் துகளுக்கும் நடுவில் அவ்வளவு இடம். காலை எட்டரை மணி மின்சார ரயில் பெட்டி மாதிரி. "உள்ளே போங்க சார், உள்ளே போங்க" என்று அமுக்க அமுக்க, அதே பெட்டியில் இன்னும் இருபது பேர் ஏறிக்கொண்டே இருப்பார்கள். சர்க்கரை அப்படி அமுங்காது. தண்ணீரும் எண்ணெயும் அமுங்கவே அமுங்காது. மைதா, கோகோ பவுடர், பொடித்த சர்க்கரை, இந்த மூன்றும்தான் ரயில் பயணிகள்.

நண்பர் வீட்டில் அதையும் செய்து பார்த்தோம். அந்த 250 மில்லிக் கப்பில் மைதாவை ஸ்பூனால் மெதுவாகப் போட்டு, கத்தியால் தலை தட்டி நிறுத்தோம். 126 கிராம். கப்பையே மைதா டப்பாவுக்குள் விட்டு ஒரே வாரு. தலை தட்டி நிறுத்தால் 151. வாரிய பிறகு இரண்டு தட்டு தட்டி, விரலால் அமுக்கி, இன்னும் கொஞ்சம் போட்டால் 168. ஒரே கப், ஒரே டப்பா, ஒரே ஆள், ஐந்தே நிமிஷம்!

நண்பர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். அவர் உலகத்துக்குள் வந்துவிட்டோம்.

"நீ முதல்ல எப்படிம்மா போட்டே?"

"அப்போ புதுசு. பயந்து பயந்து ஸ்பூனாலதான் போட்டேன். இப்ப பழகிடுச்சு. நேரா டப்பாவுல விட்டு வாரிடறேன்."

கணக்கு ஒரு பேப்பரில் இறங்கியது. முதல் கேக், 240 மில்லிக் கப், ஸ்பூனால் போட்ட மைதா: ஒன்றரைக் கப்புக்கு 180 கிராம். ரெசிப்பி எழுதியவர் மனசில் இருந்ததும் அதுதான். மூன்றாவது கேக், குக்கர் கப், அப்போதும் ஸ்பூன்தான்: 135 கிராம். சர்க்கரை 200-க்குப் பதில் 150. பால் 120 மில்லிக்குப் பதில் 90. ஆனால் வெண்ணெய் முழுசாக 113 கிராம், முட்டை முழுசாக இரண்டு, பேக்கிங் பவுடரும் முழுசு. தாங்கிப் பிடிக்க மாவு இல்லாமல் உப்பி, நடுவில் உட்கார்ந்து, வெண்ணெய் கசிந்துவிட்டது. நாலாவது கேக், 250 மில்லிக் கப், டப்பாவில் விட்டு வாரியது: 226 கிராம். ரெசிப்பி கேட்டதைவிட 46 கிராம் கூடுதல், அதாவது கால் பங்கு! இருந்த ஈரத்தையெல்லாம் அந்த மைதா உறிஞ்சிக்கொண்டது. மாமியின் கத்தி இறங்காததில் ஆச்சரியமே இல்லை.

"நான் கெட்டுப்போய்ட்டேன்னு நெனச்சேண்ணா" என்றார் அந்தப் பெண். குரல் கொஞ்சம் கம்மியது. "ஓவனைத் திருப்பிக் கொடுத்துடலாமான்னு இவர்கிட்ட நேத்துதான் கேட்டேன்."

கை கெடவில்லை. கை பழகித்தான் போயிருந்தது. பழகின கை வேகமாக வாரும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை ராத்திரி மைதா 180 கிராம், சர்க்கரை 200, பால் 120 என்று தராசில் வைத்தே செய்தார். கப்பைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நண்பரிடமிருந்து போன்: "டேலி ஆயிடுச்சு பாஸ்." அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த வாரமே அவர் மனைவி ரெசிப்பி நோட்டு முழுவதையும் கிராமில் மாற்றி எழுதிவிட்டார். பழைய "கப்"களை ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் சிவப்பு மையில் கிராம். பார்க்க லெட்ஜர் மாதிரியே இருந்தது. நண்பர் கைவேலையாகவும் இருக்கலாம்.

மாற்றி எழுதும்போது எல்லாரும் விழுகிற பள்ளம் ஒன்று உண்டு. "ஒரு கப் 240 மில்லி, அப்போ ஒரு கப் 240 கிராம்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெருக்கல் போட்டுவிடுவது. அது தண்ணீருக்கும் பாலுக்கும்தான் ஏறத்தாழ சரி. மைதாவுக்கு அப்படிப் போட்டால் இரண்டு மடங்கு! மைதாவுக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று சாமானுக்குச் சாமான் தனி எண்தான். பொதுச் சூத்திரம் கிடையாது.

அமெரிக்க ரெசிப்பியின் ஒரு கப்புக்கு நான் வைத்திருக்கும் எண்கள் இவை. மைதா 120 கிராம் (125 என்று எழுதுகிறவர்களும் உண்டு, சண்டை வேண்டாம்). சர்க்கரை 200. பொடித்த சர்க்கரை 120-ஐ ஒட்டி. பிரவுன் சர்க்கரையை மட்டும் அவர்களே அமுக்கி அளக்கச் சொல்வார்கள், அது 210-லிருந்து 220. கோகோ பவுடர் 85. வெண்ணெய் 227. எண்ணெய் 215-ஐ ஒட்டி. பால் 240-ஐக் கொஞ்சம் தாண்டும். தேன் 340. அரை கப் என்றால் பாதி. கால்குலேட்டர் கூட வேண்டாம். ரெசிப்பி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததென்றால் கப் 250 மில்லி, எல்லாவற்றையும் நூற்றுக்கு நாலு கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே டேபிள்ஸ்பூனும் 20 மில்லி. மற்ற ஊர்களில் 15-தான்.

'ஸ்டிக்' என்பது அமெரிக்கக் கடைகளில் வெண்ணெய் வருகிற கட்டி. கால் பவுண்ட், 113 கிராம், அதாவது அரை கப். நம் ஊர் 100 கிராம் பாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு "ஸ்டிக்" என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது அவுன்ஸ். இதில் இரண்டு ஜாதி. எடை அவுன்ஸ் ஒன்று, 28.35 கிராம். திரவ அவுன்ஸ் ஒன்று, அமெரிக்காவில் 29.57 மில்லி. எட்டு அவுன்ஸ் பால் என்றால் ஒரு கப். எட்டு அவுன்ஸ் மைதா என்றால் 227 கிராம், கிட்டத்தட்ட இரண்டு கப்! இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த வரியில் வரும். பொடிக்கும் மாவுக்கும் அவுன்ஸ் என்றால் தராசு, ஊற்றுகிற சாமானுக்கு அவுன்ஸ் என்றால் கப் என்று வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

இங்கிலீஷ் ரெசிப்பிகளில் இன்னொரு குசும்பு. "சலித்த மைதா ஒரு கப்" என்று ஒருவர் எழுதுவார். "மைதா ஒரு கப், சலித்தது" என்று இன்னொருவர் எழுதுவார். முன்னதில் சலித்துவிட்டு அளக்க வேண்டும். காற்று ஏறியிருப்பதால் 110, 115 கிராம்தான் நிற்கும். பின்னதில் அளந்துவிட்டுச் சலிக்க வேண்டும். ஒரு கமாவுக்கு இந்தப் பாடு. கிராமில் எழுதியிருந்தால் முன்னால் சலித்தாலும் சரி, பின்னால் சலித்தாலும் சரி, 120 என்பது 120-தான்.

தராசு வாங்கப் போனால் சில நூறு ரூபாய்தான். மாத பஸ் பாஸை விடப் பெரிய செலவில்லை. ஒரு கிராம் வரை காட்டுவது, ஐந்து கிலோ வரை தாங்குவது, ஜீரோ பட்டன் உள்ளது, இவ்வளவு போதும். கிண்ணத்தை மேலே வை, ஜீரோ. மைதா கொட்டு, ஜீரோ. சர்க்கரை கொட்டு, ஜீரோ. ஒரே கிண்ணம். கப் கழுவுகிற வேலையே இல்லை என்பது பிரம்மச்சாரிகள் கவனிக்க வேண்டிய பாயின்ட்.

ஆனால் எல்லாவற்றையும் தராசில் ஏற்றுகிற வெறியும் வேண்டாம். அரை டீஸ்பூன் சமையல் சோடா மூன்று கிராம்கூட இருக்காது. ஒரு கிராம் ஒரு கிராமாகத் தாவுகிற தராசுக்கு அது இரண்டா மூன்றா என்று சரியாகத் தெரியாது. அங்கே அளவு ஸ்பூன்தான் ராஜா. 5 மில்லி டீஸ்பூன், தலை தட்டி. காபி கலக்குகிற ஸ்பூன் கணக்கில் வராது. உப்பில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க ரெசிப்பியில் 'கோஷர் உப்பு' என்று இருந்தால் அது பரபரவென்ற பெரிய துகள். சில பிராண்டுகளில் ஒரு டீஸ்பூன் மூன்று கிராம்தான் வரும். நம் தூள் உப்பு ஆறு கிராம். அப்படியே போட்டால் கேக் அல்ல, ஊறுகாய்.

முட்டையும் எடைக் கணக்குக்குள் வர வேண்டியதுதான். அமெரிக்க ரெசிப்பியில் வருகிற 'லார்ஜ்' முட்டை ஓடு நீக்கி ஏறத்தாழ 50 கிராம். நம் கடை முட்டை அதைவிடச் சிறிசாக இருப்பது சகஜம். உடைத்துக் கலக்கி, 100 கிராம் தேவையென்றால் 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் உங்கள் ஆம்லெட்டுக்கு.

முட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. கப்பும் வேண்டாம், எண்களை மனப்பாடமும் பண்ண வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. ஐரோப்பாவில் 'பவுண்ட் கேக்' என்று பெயர் வந்ததே வெண்ணெய் ஒரு பவுண்ட், சர்க்கரை ஒரு பவுண்ட், முட்டை ஒரு பவுண்ட், மாவு ஒரு பவுண்ட் என்று போட்டதால்தான். பிரெஞ்சுக்காரர்கள் அதையே 'நாலு கால் பங்கு' என்று அர்த்தம் வருகிற பெயரில் கூப்பிடுகிறார்கள். நாலும் சம எடை. இட்லி டம்ளர் மாதிரியே இதுவும் விகிதம், ஆனால் எடையில் விகிதம். பழைய இரட்டைத் தட்டுத் தராசு இருந்தால் படிக்கல் கூட வேண்டாம். ஒரு தட்டில் முட்டை, மறு தட்டில் மைதா.

ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: மூன்று முட்டையை ஓட்டோடு தராசில் வையுங்கள். 165 கிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறை வெப்பத்தில் மெத்தென்று இருக்கிற வெண்ணெய் 165, பொடித்த சர்க்கரை 165, மைதா 165, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுத்து வருகிற வரை அடியுங்கள். கை வலிக்கும். வலிக்கட்டும். முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி அடியுங்கள். மைதாவையும் பேக்கிங் பவுடரையும் சேர்த்துச் சலித்து, கடைசியில் கரண்டியால் மெதுவாகக் கலந்துகொள்ளுங்கள். இதற்கு மேல் அடித்தால் ரப்பர். ஏழு அங்குலத் தகரத்தில் வெண்ணெய் தடவி ஊற்றி, ஏற்கெனவே சூடேற்றிய ஓவனில் 180 டிகிரியில் சுமார் 40 நிமிஷம். துடைப்பக் குச்சி வேண்டாம், பல் குத்துகிற குச்சி ஒன்றை நடுவில் குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

ஓவனைப் பற்றவைக்கிறதுக்கு முன்னால், உள்ளே கரண்ட் பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பல்லியையும்.